பழுதுற்ற மோட்டார்ச் சக்கரம்: செப்பனிடுவதா, மாற்றுவதா?

சுகாதாரம், விவசாயம், நில அளவை, கல்வி முதலிய பணிகளின் பொருட்டு நாள்தோறும் மண்சாலைகளிலும் மலைப்பாதைகளிலும் செல்லும் மோட்டார் வண்டிகளின் உறுப்புகளுள், மிகுதியான அடியைத் தாங்குவதும் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் சக்கரமே எனலாம். எஞ்சினின் ஓசை சற்று மாறினாலும் ஓட்டுநர் செவிசாய்த்துக் கேட்கிறார். டயரில் ஆணி தைத்தால் உடனே பஞ்சர் ஒட்டப்படுகிறது. ஆனால் டயரைத் தாங்கி நிற்கும் உலோகச் சக்கரம் ஒரு குழியின் விளிம்பில் மோதி நெளிந்துவிட்டால், சம்மட்டியால் நான்கு அடி அடித்து நிமிர்த்தி, மீண்டும் பூட்டி ஓட்டுவதே பெருவழக்காக உள்ளது.

எதனையும் எளிதில் எறிந்துவிடாமல் பழுதுபார்த்து உபயோகிப்பது நம் நாட்டு மக்களின் நற்பழக்கங்களுள் ஒன்று. அதனை யாரும் குறைகூற இயலாது. எனினும் இச்சிக்கனத்திற்கும் ஓர் எல்லை உண்டு. சக்கரத்தைப் பொறுத்தவரை, அவ்வெல்லையை வகுப்பது சக்கரத்தின் விலையன்று. அது செய்யப்பட்ட உலோகத்தின் இயல்பே. எந்தச் சக்கரத்தைச் செப்பனிடலாம், எதனை ஐயமின்றிக் கழித்துவிட வேண்டும் என்பதைப் பட்டறை வசதியில்லாத இடங்களில் பணிபுரிவோரும் அறிந்துகொள்ளும் வண்ணம் இக்கட்டுரையில் விளக்குவோம்.

சக்கரத்தின் அமைப்பு

மோட்டார்ச் சக்கரத்தில் இரண்டு முக்கிய பகுதிகள் உள்ளன. டயரை ஏந்தி நிற்கும் வட்டமான பகுதி ரிம் எனப்படும். ரிம்மையும் அச்சின் முனையையும் இணைக்கும் நடுப்பகுதி தட்டு எனப்படும். இத்தட்டில்தான் போல்ட்டுத் துளைகளும், பிரேக்கு வெப்பம் வெளியேறுவதற்கான காற்றுத் துளைகளும் அமைந்துள்ளன. ரிம்மின் இருபுறத்து ஓரங்களும் மேல்நோக்கி மடிந்து உதடு போல் இருக்கும். டயரின் ஓரம் இவ்வுதட்டின் அடியில் இறுக அமர்கிறது. டியூப் இல்லாத டயர்களில், காற்றை உள்ளே நிறுத்தி வைப்பது டயர் ஓரமும் ரிம்மும் சேரும் இந்த இடமே. ஆதலின் உதடு சிறிது நெளிந்தாலும் காற்று மெல்லக் கசியக்கூடும்.

நமது சாலைகளில் ஓடும் கார், ஜீப்பு ஆகியவற்றின் சக்கரங்கள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று உருக்குச் சக்கரம். உருக்குத் தகட்டை அழுத்தி உருவாக்கிய தட்டும், சுருட்டி உருவாக்கிய ரிம்மும் பற்றவைப்பால் இணைக்கப்பட்டிருக்கும். 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்ற அம்பாஸடர் காரும், பழைய ஜீப்புகளும் இவ்வகைச் சக்கரங்களிலேயே ஓடின. மற்றொன்று, 'அலாய் வீல்' என்று வழங்கும் அலுமினியக் கலப்புலோகச் சக்கரம். இஃது ஏறத்தாழ 7 சதவிகிதம் சிலிக்கனும் சிறிதளவு மெக்னீசியமும் சேர்ந்த அலுமினியத்தை உருக்கி, அச்சில் வார்த்துச் செய்யப்படுவது. இவ்விரண்டும் தோற்றத்தில் மட்டுமன்றி, அடிபடும்போது நடந்துகொள்ளும் முறையிலும் வேறுபட்டவை.

அடிபட்ட உலோகம்

ஓர் உருக்குக் கம்பியைச் சிறிது வளைத்து விட்டால் அது பழைய நிலைக்கே திரும்புகிறது. இன்னும் மிகுதியாக வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடுகிறது. முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் இடையிலுள்ள வரம்பினை மீட்சி எல்லை என்பர். குழியின் விளிம்பில் மோதி நெளிந்த ரிம், அந்த இடத்தில் மீட்சி எல்லையைக் கடந்துவிட்டது என்பது பொருள்.

இவ்வாறு வளைந்த உருக்கைக் குளிர்ந்த நிலையிலேயே நிமிர்த்தினால், அது மறுமுறையும் மீட்சி எல்லையைக் கடக்கிறது. பார்வைக்குப் பழைய வடிவம் வந்துவிடும். ஆனால் உலோகம் பழைய உலோகமாக இராது. வளைந்து நிமிர்ந்த இடம் முன்னினும் கடினமாகி, நீண்டு கொடுக்கும் தன்மையை ஓரளவு இழந்திருக்கும். மென்மையான உருக்கிற்கு இத்தன்மை மிகுதியாக இருப்பதால், அது ஒருமுறை நிமிர்த்தலைப் பெரும்பாலும் தாங்கும். வார்க்கப்பட்ட அலுமினியத்திற்கோ அப்பொறுமை மிகக் குறைவு. உருக்கு நெளியுமளவு அடிபட்டால், அலுமினியத்தில் நெளிவோடு விரிசலும் கூடவே தோன்றலாம்.

மோதலின் வேகமும் டயரின் நிலையும் சேதத்தின் அளவை மாற்றும் என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்ளுதல் நலம். டயரில் காற்றுக் குறைந்திருந்தால், குழியின் விளிம்பிற்கும் ரிம்மிற்கும் இடையே மெத்தையாக நிற்க வேண்டிய ரப்பர் நசுங்கி, அடி நேரே உலோகத்தின் மீது விழுகிறது. டயரின் பக்கச்சுவர் உயரமும் இதில் பங்கு கொள்கிறது. 165/80 என்ற அளவுள்ள டயரின் பக்கச்சுவர் 132 மில்லிமீட்டர் உயரமுள்ளது. 215/45 என்ற அளவுள்ளதற்கு அது ஏறத்தாழ 97 மில்லிமீட்டரே. அகலமாகவும் தாழ்வாகவும் உள்ள டயர்கள் பார்வைக்கு அழகியனவாயினும், கரடுமுரடான சாலையில் ரிம்மைக் காக்கும் ஆற்றல் அவற்றிற்குக் குறைவு.

உலோகக் களைப்பு

சக்கரம் உடைவது பெரும்பாலும் ஒரே அடியால் அன்று. சிறு சுமை பல இலட்சம் முறை மாறி மாறி வருவதால், உலோகத்தில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றி, மெல்ல வளர்ந்து, ஒருநாள் திடீரென முறிவு நிகழ்கிறது. இதனை உலோகக் களைப்பு என்பர்.

இவ்வுண்மையை மனிதர் முதன்முதலில் தெளிவாகக் கற்றது இரயில்வேயிலிருந்து ஆகும். 1842-ஆம் ஆண்டு மே மாதம், பிரான்சில் வெர்சேல்ஸிலிருந்து பாரிஸுக்குச் சென்ற இரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து பெரும் விபத்து நேர்ந்தது. அதன் பின்னர் ஜெர்மானியப் பொறியியலறிஞர் ஆகஸ்ட் வோலர், இரயில் அச்சுகளைப் பல ஆண்டுகள் சோதித்து, ஒரே அடியில் முறிக்கப் போதாத சுமையும் திரும்பத் திரும்ப வந்தால் உலோகத்தை முறித்துவிடும் என்று நிறுவினார். ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னும் இப்பாடத்தின் தேவை தீரவில்லை. 1998-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் ஜெர்மனியில் எஷெடே என்னுமிடத்தில் விரைவு இரயில் ஒன்று தடம்புரண்டு 101 பேர் உயிரிழந்தனர். சக்கரத்தின் வெளிவளையத்தில், உட்புறத்திலிருந்து தோன்றி வளர்ந்த களைப்பு விரிசலே அவ்விபத்திற்குக் காரணம். வெளியிலிருந்து பார்ப்போர் கண்ணுக்கு அது தென்படவில்லை.

காரின் சக்கரமும் இவ்விதிக்கு விலக்கன்று. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 530 முறை சுழல்கிறது. அவ்வாறாயின் 10,000 கிலோமீட்டர் ஓடுவதற்குள் 53 இலட்சம் சுழற்சிகள் நிகழும். ஒவ்வொரு சுழற்சியிலும் சக்கரத்தின் ஒவ்வொரு பகுதியும் கீழே வரும்போது சுமையேற்று, மேலே செல்லும்போது சுமை தளர்கிறது. வளைவுகளில் திரும்பும்போது தட்டும் பக்கவாட்டில் வளைக்கப்படுகிறது. மென்மையான உருக்கில், ஒரு குறிப்பிட்ட அளவிற்குக் கீழுள்ள சுமை எத்தனை முறை வந்தாலும் தீங்கு விளைவதில்லை. அலுமினியத்திற்கு அத்தகைய திட்டமான எல்லை இல்லை. ஆதலின் சிறு விரிசலோ, கூரிய பள்ளமோ, பற்றவைப்பின் குறையோ இருப்பின், இத்தனை இலட்சம் சுழற்சிகளில் அது வளர்வதற்குப் போதிய வாய்ப்பு உண்டு.

நெளிவுக்கும் விரிசலுக்கும் உள்ள வேறுபாடு இதிலிருந்து விளங்கும். நெளிவு தான் இருந்த அளவிலேயே நிற்பது, விரிசல் வளர்வது. நெளிந்த சக்கரத்தைப் பற்றி ஆராய்ந்து முடிவு செய்யலாம். விரிசல் கண்ட சக்கரத்தைப் பற்றி ஆராய்வதற்கு ஒன்றுமில்லை. அதனைக் கழித்துவிட வேண்டும்.

சோதிக்கும் முறை

பெரிய குழியிலோ கல்லிலோ வண்டி மோதிய பின் காற்று மெல்ல இறங்குதல், 80 கிலோமீட்டரை அடுத்த வேகங்களில் ஸ்டியரிங் நடுங்குதல், டயர் ஒருபுறம் மட்டும் தேய்தல் ஆகியவை சக்கரம் பழுதுற்றதற்கு அறிகுறிகளாகலாம். ஆயினும் சமநிலைக்காகப் பொருத்திய ஈயத்துண்டு விழுந்தாலும், டயர் புடைத்தாலும், பேரிங்கு தேய்ந்தாலும் இவற்றுள் சில தோன்றும். எனவே முதலில் அச்சக்கரத்தைக் கழற்றி, அதனிடத்தில் ஸ்டெப்னியைப் பூட்டி ஓட்டிப் பார்த்தல் நன்று. நடுக்கம் மறைந்தால், குறை கழற்றிய சக்கரத்திலோ அதன் டயரிலோ உள்ளதென்று கொள்ளலாம். (உபரிச் சக்கரத்திற்கு வழங்கும் ஸ்டெப்னி என்னும் இப்பெயர், 1904-ஆம் ஆண்டில் அதனை உருவாக்கி விற்ற வேல்ஸ் நாட்டுக் கடை இருந்த தெருவின் பெயராகும்.)

கழற்றிய சக்கரத்தைச் சோதிக்கும்போது பின்வரும் முறையைக் கையாளலாம்.

முதலாவது, இருபுறமும் பார்த்தல். அடி பெரும்பாலும் உட்புற உதட்டில் பட்டிருக்கும். வண்டியில் பூட்டிய நிலையில் அது தெரிவதில்லை. டயரைக் கழற்றிவிட்டு, சேறும் எண்ணெயும் போகக் கழுவித் துடைத்துப் பார்க்க வேண்டும். போல்ட்டுத் துளைகளின் சுற்றுப்புறம், நட்டு அமரும் சரிவு, காற்றுத் துளைகளின் ஓரம், தட்டும் ரிம்மும் சேரும் பற்றவைப்பு, வால்வுத் துளை, அலாய் சக்கரமாயின் ஆரங்களின் அடி ஆகியவையே விரிசல் முதலில் தோன்றும் இடங்கள். பெயிண்டில் நேராக ஓடும் கோடோ, அக்கோட்டிலிருந்து கசியும் துருவோ காணப்படின் ஐயம் கொள்ளுதல் வேண்டும்.

இரண்டாவது, ஓட்டத்தைச் சோதித்தல். வண்டியை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கியின் மேல் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பின்னரே இதனைச் செய்தல் வேண்டும். செங்கல்லின் மேல் ஒரு பென்சிலை அசையாமல் அமைத்து, அதன் முனை ரிம்மின் ஓரத்திற்கு மிக அருகில் இருக்குமாறு வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுக. இடைவெளி எவ்வளவு கூடிக் குறைகிறது என்று கவனிக்க. பக்கவாட்டு ஆட்டத்தையும் மேல்கீழ் ஆட்டத்தையும் தனித்தனியே அளத்தல் வேண்டும். பொதுவாகப் பொறுக்கத்தக்க அளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே. திட்டமான அளவை வண்டியின் கைநூலில் காண்க.

மூன்றாவது, விரிசலை வெளிப்படுத்தல். பெரிய பட்டறைகளில் சிவப்புச் சாயத் திரவத்தைத் தடவிச் சில நிமிடங்கள் ஊறவிட்டு, துடைத்த பின் வெண்பொடியைத் தூவுவர். விரிசலில் புகுந்த சாயம் வெண்பொடியில் செங்கோடாகக் கசிந்து தோன்றும். இதன் முன்னோடியாக இரயில்வேப் பட்டறைகளில் எண்ணெயும் சுண்ணப்பொடியும் கொண்டு செய்த சோதனை ஒன்று இருந்தது. அதனைக் களத்திலும் செய்யலாம். ஐயத்திற்குரிய இடத்தில் பெயிண்டை நீக்கி, மண்ணெண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் ஊறவிடுக. பின்பு உலரத் துடைத்து, சாக்குக்கட்டிப் பொடியை மெல்லியதாகப் பூசுக. அருகில் மரச் சுத்தியலால் இலேசாகத் தட்டினால், விரிசல் இருக்குமிடத்தில் ஈரக் கோடு தோன்றும். அண்மையில் நெருப்பு இருத்தலாகாது. கோடு தோன்றினால் விரிசல் உண்டென்பது பெரும்பாலும் உறுதி. தோன்றாவிடின் விரிசல் இல்லையென்பது உறுதியன்று. இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது.

முடிவு செய்யும் முறை

மேற்கூறிய சோதனைகளின் பின், சக்கரத்தைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

1. மேற்பரப்பில் சிராய்ப்பு, பெயிண்டு உரிதல், மெல்லிய துரு ஆகியவை மட்டும் இருப்பின், தேய்த்துச் சுத்தம் செய்து பெயிண்டு பூசினால் போதும். டயர் ஓரம் அமரும் இடத்தில் துரு படிந்து காற்றுக் கசிந்தாலும், குழிவிழாத துருவாயின் அதனை நீக்கிச் சரிசெய்யலாம்.

2. உருக்குச் சக்கரத்தின் உதட்டில் மட்டும் சிறு நெளிவு இருந்து, விரிசலும் இன்றி, தட்டும் துளைகளும் பழுதுறாமல் இருப்பின், அதனைத் தக்க அழுத்தக் கருவியால் குளிர்ந்த நிலையில் நிமிர்த்தலாம். நிமிர்த்திய பின் மீண்டும் ஓட்டத்தையும் விரிசலையும் சோதித்தல் இன்றியமையாதது. நெளிந்த சக்கரத்தை நிமிர்த்தாமல் மாற்றவே வேண்டுமென்று பல உற்பத்தியாளர்கள் கைநூலில் குறித்துள்ளனர். அவ்வாறு குறித்திருப்பின் அதுவே முடிவாதல் வேண்டும்.

3. உருக்குச் சக்கரத்தின் தட்டு வளைந்திருப்பினும், போல்ட்டுத் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருப்பினும், பற்றவைப்பு விட்டிருப்பினும், துரு குழிகுழியாக அரித்திருப்பினும், சக்கரத்தை மாற்றுக. தேய்ந்த துளையில் உலோகம் நிரப்பி மறுபடி துளையிடுவதும், தகட்டு வளையம் வைத்து இறுக்குவதும் தகாத முறைகள்.

4. அலாய் சக்கரத்தின் உதட்டில் விரிசலற்ற சிறு நெளிவு மட்டும் இருப்பின், அளவுக் கருவிகளும் விரிசல் சோதனை வசதியும் உடைய தேர்ந்த பட்டறை அதனைச் சரிசெய்ய இயலும். எனினும் உற்பத்தியாளர் பலர் இதனையும் ஏற்பதில்லை. மாற்றுச் சக்கரம் கிடைக்குமிடத்தில் மாற்றுவதே அறிவுடைமை.

5. அலாய் சக்கரத்தில் எவ்விடத்திலேனும் விரிசல் இருப்பினும், துண்டு பெயர்ந்திருப்பினும், ஆரம் வளைந்திருப்பினும், ஒருமுறை செப்பனிட்ட இடத்திலேயே மீண்டும் பழுது நேர்ந்திருப்பினும், மாற்றுக. இதில் விதிவிலக்கில்லை.

நெருப்பும் பற்றவைப்பும்

சாலையோரப் பட்டறைகளில் அலாய் சக்கரத்தைக் காஸ் சுடரால் சூடாக்கி நிமிர்த்துவதும், விரிசலைப் பற்றவைத்து மூடுவதும் உண்டு. இவை ஏன் அபாயகரமானவை என்பதற்கு, அச்சக்கரம் செய்யப்படும் முறையே விடை தரும். வார்த்த சக்கரம் ஏறத்தாழ 540 டிகிரி செல்சியஸில் நெடுநேரம் சூடாக்கப்பட்டு, நீரில் திடீரெனக் குளிர்விக்கப்படுகிறது. பின்னர் 150 முதல் 170 டிகிரி வரையுள்ள வெப்பத்தில் சில மணி நேரம் வைக்கப்படுகிறது. அதன் வலிமையின் பெரும்பகுதி இப்பதப்படுத்தலால் வந்ததே. சுடர் பட்ட இடத்தில் இவ்வலிமை சில நிமிடங்களில் குறைந்துவிடுகிறது. அதனை மீட்கவேண்டுமாயின் சக்கரம் முழுவதையும் மறுபடி பதப்படுத்த வேண்டும். பட்டறையில் அஃது இயலாது.

மற்றுமோர் இடர்ப்பாடும் உளது. உருக்கு சூடேறும்போது செந்நிறம் காட்டி எச்சரிக்கிறது. அலுமினியம் உருகும் நிலையை அடையும் வரையில் பகல் வெளிச்சத்தில் நிறம் மாறிக் காட்டுவதில்லை. எனவே எவ்வளவு சூடேறியது என்பதைக் கண்ணால் அறிய வழியில்லை.

கார், லாரி என்ற வேறுபாடின்றி எல்லாச் சக்கரங்களுக்கும் பொருந்தும் விதி ஒன்று உண்டு. டயர் பூட்டிய சக்கரத்தின் மேல் சுடரையோ பற்றவைப்பையோ ஒருபோதும் பிரயோகிக்கலாகாது. காற்றை இறக்கிவிட்டாலும் அபாயம் நீங்குவதில்லை. உள்ளே ரப்பர் சூடாகி எரியும் வாயுக்களை வெளிவிட, டயர் வெடிகுண்டு போல் வெடிக்கக்கூடும்.

புதிய சக்கரம் தேர்தல்

புதிய சக்கரத்தின் மாதிரி, விற்பனைக்கு வருமுன் பல சோதனைகளுக்கு உட்படுகிறது. சுழலும்போதே வளைத்துப் பார்க்கும் சோதனை, சுமையேற்றி உருளையின் மேல் ஓட்டும் சோதனை ஆகியவை களைப்பைத் தாங்கும் ஆற்றலை அளப்பன. அலாய் சக்கரத்திற்கான பன்னாட்டு மோதல் சோதனையில், சக்கரத்தை 13 டிகிரி சாய்த்து நிறுத்தி, 230 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து பெரும் எடையொன்றை அதன் ஓரத்தில் விழச் செய்வர். நமது நாட்டில் கார்ச் சக்கரங்களுக்கென ஐ.எஸ். 9436 என்னும் இந்தியத் தரம் வகுக்கப்பட்டுள்ளது. செப்பனிட்ட சக்கரம் இச்சோதனைகளுள் எதற்கும் உட்படுவதில்லை என்பது நோக்கத்தக்கது. அதன் வலிமைக்கு உறுதி கூறுவது பட்டறைக்காரரின் சொல் ஒன்றே.

மாற்றுச் சக்கரம் வாங்கும்போது விட்டம், அகலம், போல்ட்டுத் துளைகளின் எண்ணிக்கை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம், நடுத்துளையின் அளவு, சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ தள்ளி நிற்கும் அளவு, தாங்கும் சுமை ஆகிய அனைத்தும் பழையதை ஒத்திருத்தல் வேண்டும். பூட்டும்போது நட்டுகளை எதிரெதிராக, கைநூல் கூறும் அளவிற்கு இறுக்கி, நூறு கிலோமீட்டருக்குள் மறுபடியும் சரிபார்க்க வேண்டும். துளைகள் தேய்வதற்கு முதற்காரணம் தளர்ந்த நட்டே.

ஆசிரியர்களுக்கு ஒரு சோதனை

உலோகக் களைப்பை வகுப்பறையில் விளக்கக் காகிதம் செருகும் கம்பிகள் சில போதும். நிமிர்த்திய கம்பியொன்றை ஒரே இடத்தில் 90 டிகிரி வளைத்து நிமிர்த்துக. எத்தனையாவது முறையில் ஒடிகிறது என்று மாணவர் எண்ணட்டும். அடுத்த கம்பியை 45 டிகிரி மட்டும் வளைத்து எண்ணச் செய்க. வளைவு குறையக் குறைய, ஒடிவதற்கு வேண்டிய எண்ணிக்கை பெருகுவதை மாணவர் தாமே காண்பர். மூன்றாவது கம்பியில் அரத்தால் ஒரு சிறு வெட்டு இட்டு வளைத்தால், அது விரைவில் அவ்வெட்டிலேயே ஒடியும். வோலர் கண்ட உண்மையும், சக்கரத்தின் விரிசலை ஏன் அஞ்ச வேண்டும் என்பதும் இம்மூன்று கம்பிகளில் அடங்கியுள்ளன.

கழித்த சக்கரம்

சாதாரண உருக்குச் சக்கரத்தின் விலை பெரும்பாலும் ஒரு புதிய டயரின் விலையை மிஞ்சுவதில்லை. அதனைச் செப்பனிடும் கூலி, சோதனைச் செலவு, சீரற்ற ஓட்டத்தால் டயர் தேய்வு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், பல வேளைகளில் மிச்சம் எதுவும் இராது. மிச்சம் இருப்பினும், அவ்வண்டியில் செல்லும் தாதியும் அளவையாளரும் ஓட்டுநரும் அம்மிச்சத்திற்கு ஈடாக வைக்கத்தக்கவர் அல்லர். சக்கரத்தைக் கழிப்பதற்கான காரணத்தை, சோதனையில் கண்ட விரிசலின் இடத்தோடும் அளவோடும் இருப்புப் பதிவேட்டில் எழுதி வைத்தால், தணிக்கையின்போது எழும் வினாவிற்கும் அதுவே விடையாகும்.

இறுதியாகச் செய்ய வேண்டிய செயல் ஒன்று உண்டு. விரிசல் கண்டு கழித்த சக்கரத்தை முழுதாகப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினால், அது நிமிர்த்தப்பட்டு, பெயிண்டு பூசப்பட்டு, விவரம் அறியாத வேறொருவர் வண்டியில் ஏறிவிடக்கூடும். ஆதலின் அதனை விற்குமுன் இரம்பத்தால் ரிம்மைக் குறுக்கே அறுத்துவிடுக. உலோகம் வீணாவதில்லை, உருக்காயினும் அலுமினியமாயினும் உலைக்குச் சென்று மீண்டும் பயன்படும். வீண்போகக் கூடாதது உலோகம். மீண்டும் ஓடக் கூடாதது அச்சக்கரம். இவ்விரண்டையும் ஒருங்கே காப்பதே மெய்யான சிக்கனமாகும்.